முத்து இறங்கும்வரை

ராகலைப் பக்கம் வேப்பமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆறாயிரம் அடியை ஒட்டிய குளிர் அதற்கு ஆகாது. தேயிலையும் கோவாவும் உருளைக்கிழங்கும் கொழிக்கிற மண்ணில் வேம்பை நட்டாலும் குச்சியாகத்தான் நிற்கும். ஆனால் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது என்று தெரிந்தால் போதும், ஓரிரு நாளில் அந்த வீட்டு இஸ்தோப்பு வாசலில் வேப்பங்கொத்து தொங்கும். மரக்கறி ஏற்றிக்கொண்டு கீழே போய்வரும் லொறிக்காரரிடம் சொல்லி, கொழும்பில் கடையில் நிற்கும் மகனிடம் சொல்லி, கோயில் பூசாரியிடம் கேட்டு, எப்படியோ வந்து சேர்ந்துவிடும். மருந்து வாங்குவதில்கூட இந்த வேகம் கிடையாது.

கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் கொத்தைக் கண்டால் பக்கத்துக் காம்பராக்காரி உள்ளே வரமாட்டாள். கடன் கேட்க வந்தவன் படியிலேயே திரும்பிவிடுவான். பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டார்கள். தொற்றுநோய் வந்த ஆளைப் பிரித்து வைக்க வேண்டும் என்று இலங்கையில் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் எழுதி வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கம் அதைச் சொல்லிவிட்டது. தகராறு வேப்பிலையோடு கூட வரும் மற்றக் கட்டளைகளில்தான் இருக்கிறது. குளிப்பாட்டாதே, தாளிக்காதே, முட்டை கொடுக்காதே, மருந்து கொடுக்காதே. இவை எந்த நோய்க்காக ஏற்பட்டவை என்று தேடிப் போனால், விடை நம் பிள்ளையின் முதுகில் இருக்கும் நோயில் கிடைக்காது. உலகத்தை விட்டே ஒழிந்துபோன இன்னொரு நோயில் கிடைக்கும்.

அதற்கு முன்னால் பிள்ளையைப் பார்ப்போம்.

சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

ஆரம்பத்தில் விசேஷமாக ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை ஒருநாள் சாப்பிட மறுக்கும், சிணுங்கும், உடம்பு கதகதவென்றிருக்கும். சளிக்காய்ச்சல் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். ராகலைக் குளிரில் மூக்கு ஒழுகாத பிள்ளை எங்கே இருக்கிறது? சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முன்காய்ச்சல்கூட இல்லாமல் நேரே பொரிந்துவிடுவதும் உண்டு. மேலுக்கு மேல் போட்ட கம்பளிச் சட்டைகளை மாற்றும்போதுதான் கண்ணில் படும், வயிற்றிலோ முதுகிலோ நாலைந்து சிவப்புப் புள்ளி. நுளம்புக் கடியா, தெள்ளுக் கடியா என்று சந்தேகம் வரும். பொழுது சாயும்போது பார்த்தால் இருபதாகியிருக்கும். சிலவற்றின் நடுவில் தெளிந்த நீர் கோத்திருக்கும். அந்தக் கொப்புளத்தின் தோல் மிக மெல்லியது, உடுப்பு உரசினாலே உடைந்துவிடும். மறுநாள் அதே நீர் கலங்கி, நடுவில் குழிந்து, ஓரத்திலிருந்து காயத் தொடங்கும். அது காய்வதற்குள் முகத்திலும் முடிக்குள்ளும் கக்கத்திலும் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும்.

நோயைக் காட்டிக்கொடுப்பது இந்த ஏறுமாறுதான். உள்ளங்கை அளவு முதுகுத் தோலைப் பாருங்கள். இப்போதுதான் எழும்பிய சிவப்பு, நீர் நிறைந்த கொப்புளம், உடைந்து கசிவது, பொருக்குத் தட்டியது என்று நாலும் அந்தச் சின்ன இடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டாக்டர் பார்ப்பதும் இதைத்தான். பெரும்பாலும் இரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை. மூன்று முதல் ஐந்து நாள் வரை புதிது புதிதாகக் கிளம்பும். தடுப்பூசி போடாத பிள்ளைக்கு மொத்தத்தில் 250 முதல் 500 வரை வரும். வெளியே தெரிகிறவை மட்டும் அல்ல. சோற்றை வாயில் வைத்ததும் பிள்ளை துப்பினால் அண்ணத்தைப் பாருங்கள். ஒண்ணுக்குப் போகும்போது வீறிட்டால் அங்கேயும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரித் துண்டில் இதைக் கொப்புளிப்பான் என்று எழுதுவார்கள். சிங்களத் தாதி ‘பெப்போல’ என்பார். இந்தியச் சஞ்சிகைகளில் சின்னம்மை. எல்லாம் ஒன்றே. ஆனால் சின்னமுத்து வேறு. அதில் காய்ச்சலும் இருமலும் கண்சிவப்பும் மூன்று நாலு நாள் முந்திக்கொள்ளும். பிறகு காதோரத்தில் தொடங்கித் தட்டையான சிவப்புத் தடிப்பு உடம்பெல்லாம் இறங்கும், நீர் கோக்காது. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் பெயர் வாங்கிய இலங்கையில் 2023இல் அது திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் கைக்குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. ஆகவே ‘அம்மைதானே, தானே இறங்கும்’ என்று இருந்துவிடக் கூடாது. எந்த அம்மை என்று ஒருமுறை காட்டித் தெரிந்துகொள்வது நல்லது. விரலிடுக்கில் தொடங்கி, இரவில் மட்டும் தூங்கவிடாமல் அரித்து, வாரக்கணக்கில் இழுத்தால் அது சொறி. உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று மூன்று இடத்தில் கொப்புளம் குவிந்து மற்ற உடம்பு சுத்தமாக இருந்தால் கை கால் வாய் நோய்.

பெரிய அம்மையின் சட்டம்

கொப்புளிப்பானும் பெரியம்மையும் இரு வேறு நோய்கள் என்று வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் லண்டனில் தெளிவாக எடுத்துச் சொன்னது 1767இல். அதுவரை ஐரோப்பாவிலும் இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். நம் முன்னோர் குழம்பியதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெரியம்மை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் குழி, சிலருக்குக் கண் போயிற்று. வந்தபின் குணப்படுத்த மருந்தே கிடையாது. மருந்தில்லாத இடத்தில் என்ன செய்ய முடியும்? ஆளைத் தனியே கிடத்தலாம், வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கலாம், அடுப்பில் எண்ணெய் கொதிக்காமல் பார்க்கலாம், வேப்பிலையால் வருடலாம், அம்மாவை வேண்டலாம். அன்றைக்கு அதைவிட உத்தமமான வைத்தியம் உலகில் எங்கேயும் இருக்கவில்லை.

இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் நம்மவர்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு மலைக்கு வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த காலத்தில் காலராவும் அம்மையும் வழியிலேயே ஆட்களைத் தின்றன. அந்த நடைவழி மலையைத் தொடும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருப்பதும், மாரியம்மன் இல்லாத தோட்டம் ஒன்றைக் காண்பது அரிதாக இருப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தபின், தனுஷ்கோடியில் கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். அந்தக் குத்துத்தான் கடைசியில் வென்றது. 1980 மே 8ஆம் திகதி பெரியம்மை பூமியில் இல்லை என்று உலக சுகாதார சபை அறிவித்தது.

நோய் போய்விட்டது, அதற்காகப் போட்ட சட்டம் போகவில்லை. அது அப்படியே சின்ன அம்மையின் தலையில் வந்து ஏறிக்கொண்டது. தமிழர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். வலப்பனைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இது தெய்வத்தின் நோய்தான். அங்கே பத்தினித் தெய்வத்தை வேண்டுவார்கள், குணமானபின் கிரி அம்மாமாருக்குப் பாற்சோறு படைப்பார்கள். பத்தினி வேறு யார், நம் கண்ணகிதான். ஒரே மலையில் இரண்டு பாஷைக்காரரும் ஒரே அம்மாவிடம் ஒரே வருத்தத்துக்குப் போய் நிற்கிறார்கள்.

ஆனால் இன்றைய நிலைமை வேறு. ஆரோக்கியமான பிள்ளைக்குக் கொப்புளிப்பான் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் அடங்கிப் போகிற நோய். அமெரிக்காவில் ஊசி வருமுன் எடுத்த கணக்குப்படி, நோய் வந்த 1 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் லட்சத்துக்கு ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட நோய்க்குப் பெரியம்மைப் பத்தியம் வைத்தால் பிள்ளையை வாட்டுவது நோயா, பத்தியமா?

பத்துக்குப் பன்னிரண்டு

பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை. ‘பிள்ளையைத் தனி அறையில் வையுங்கள்’ என்று எழுதுகிற வைத்தியக் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்து சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். வைரஸ் காற்றிலேயே பரவும். கொப்புள நீர் பட்டாலும் ஒட்டும். முன்பு இந்த நோய் வராத பத்துப் பேர் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துவிடும் என்பது உலகமெங்கும் கண்ட கணக்கு.

இன்னொரு வினை, புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பிள்ளை தொற்றைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. வேப்பங்கொத்து ஏறுகிற நேரத்தில், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் பக்கத்துப் பாயில் படுத்தவன் ஏற்கெனவே வாங்கிவிட்டான். அவனுக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு வாரம். முதல் பிள்ளைக்குத் தண்ணி ஊற்றி, அப்பாடா என்று தாய் பெரட்டுக்குப் போய் நாலு நாள் ஆனதும் தம்பிக்குக் கிளம்பும். வீட்டுக்குள் இரண்டாவதாக வாங்குகிற பிள்ளைக்குக் கொப்புளம் கூடுதலாகவே வரும். அண்ணனோடு இரவுபகலாகக் கிடந்து நிறைய வைரஸை வாங்கியிருப்பான்.

எல்லாப் புள்ளியும் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையை மடுவத்துக்கும் முன்பள்ளிக்கும் அனுப்பக் கூடாது. புள்ளி கண்டதிலிருந்து சுமார் ஐந்து நாள் முதல் ஒரு வாரம். சொல்வது சுலபம். அந்த ஒரு வாரம் தாய் மலைக்குப் போகமாட்டாள், பேர் விழாது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியின் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும் ஆறு நாளைக்கு 8,100 ரூபாய். அடுத்த பிள்ளைக்கும் வந்தால் இன்னொரு 8,100. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, காய்ச்சல் விட்டதும் சட்டைக் கையை இழுத்து மூடி, மடுவத்து ஆயம்மாவிடம் ‘வேர்க்குருதாங்க’ என்று ஒப்படைத்துவிட்டுப் போகிற தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன். வேர்க்குருவா, ராகலையிலா? ஆயம்மாவுக்கும் தெரியும். அவரும் வாங்கிக்கொள்வார். பிள்ளை நோய்க்கு ஒரு வாரச் சம்பள லீவு என்பது எந்தக் கூட்டு ஒப்பந்த மேசையிலும் பெரிய கோரிக்கையாக எழும்பிப் பார்த்ததில்லை. தொற்று பரவுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

தண்ணி, சோறு, மருந்து

எங்கள் அம்மாயி அம்மை போட்ட பிள்ளையைத் தண்ணீர் கிட்டேயே விடமாட்டார். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ, முத்து இறங்கிவிட்டது என்று அவருக்குத் திருப்தியானபின், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுவார். ராகலை வெயிலில் தண்ணீர் என்ன சூடாகும்? பிள்ளை நடுங்கும். அதற்குள் கசிந்து காய்ந்த நீரும் அழுக்கும் கம்பளி நூலும் ஒட்டிக்கொண்டு, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோயில் மிக அதிகமாக வரும் சிக்கல் இதுதான். உடைந்த கொப்புளத்தின் வழியே தோலிலுள்ள பாக்டீரியா உள்ளே போய்ச் சீழ் வைக்கும். தழும்பு விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே தினமும் குளிப்பாட்டலாம், குளிப்பாட்ட வேண்டும். பீலித் தண்ணீரை அப்படியே அல்ல, அடுப்பில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டில். காற்று வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துவாயால் துடைத்தால் கொப்புளத் தலையெல்லாம் கழன்றுவிடும். அந்தத் தண்ணீரில் நாலு வேப்பிலை போட்டால்தான் பாட்டிக்கு மனம் ஆறும் என்றால் கழுவிப் போடுங்கள். வைரஸை வேப்பிலை கொல்லாது, ஆனால் பாட்டியின் ஆட்சேபத்தைத் தீர்த்துவிடும். அரிக்கிற இடத்தில் நகத்தால் சொறியாமல் கொத்தால் மெல்ல வருடுவதிலும் தப்பில்லை. உடைந்த புண்ணின் மேல் மஞ்சளை அரைத்து அப்பாமல் இருந்தால் சரி. அப்பினால் உள்ளே சீழ் பிடிப்பதே தெரியாது.

அரிப்புத்தான் பிள்ளையின் பெரிய எதிரி, அதுவும் இரவில். குளிருக்குப் பயந்து மேலுக்கு மேல் கம்பளி போர்த்தினால் உடம்பு சூடாகி அரிப்பு கூடும். உள்ளே பழைய பருத்திச் சட்டை, மேலே ஒரு போர்வை போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் இரவில் கைக்குச் சின்னக் காலுறையை மாட்டிவிடலாம். பார்மசியில் கலமைன் லோஷன் மலிவாகக் கிடைக்கும். கண்ணிலும் வாயிலும் படாமல் பஞ்சால் தொட்டுப் பூசலாம். அரிப்புக்கு மாத்திரையோ பாணியோ வேண்டுமானால் டாக்டர் பிள்ளையின் வயதைப் பார்த்துத் தரட்டும்.

சாப்பாட்டில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடிசனவியல் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17.3. ஏற்கெனவே வளர்த்தி குறைந்த பிள்ளையின் தட்டிலிருந்து பத்து நாள் முட்டையையும் பருப்பையும் மீனையும் எடுத்துவிட்டு வெறும் கஞ்சி ஊற்றுவதை அம்மா கேட்டாள் என்று நான் நம்பவில்லை. வாயில் புண் இருக்கும், காரமும் புளியும் எரியும், அது உண்மை. அதற்காகக் குழைந்த சோற்றில் பருப்பு, அவித்து மசித்த உருளைக்கிழங்கும் கரட்டும், ஆறவைத்த பால், வாழைப்பழம், முட்டை கொடுங்கள். தாளிக்காமலே செய்யலாம், யார் விரதமும் கெடாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தண்ணீர் மட்டும் அடிக்கடி போக வேண்டும். செவ்விளநீர்தான் வேண்டும் என்பதில்லை. ராகலைக் கடையில் அதன் விலையைக் கேட்டால் காய்ச்சல் தாய்க்கு வந்துவிடும்.

அடுத்தது மருந்து. “மருந்து குடுத்தா அம்மா கோவிச்சுக்குவாம்மா” என்ற குரல் எல்லா வீட்டிலும் எழும். காய்ச்சலும் நோவும் பிள்ளையை வாட்டினால் பரசிட்டமோல் கொடுக்கலாம். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளை அளவு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். பாணிப் போத்தலில் ஐந்து மில்லிலீற்றருக்கு எவ்வளவு என்று பார்த்து அளந்து ஊற்றுங்கள், தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். அஸ்பிரின் கலந்த எதையும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. இந்த நோயோடு அது சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் அரிதாக வரலாம். வீட்டில் பெரியவர்களின் தலைவலிக்கு வைத்திருக்கும் கரையும் மாத்திரைகளில் அஸ்பிரின் இருப்பது பலருக்குத் தெரியாது. இபுபுரூஃபனும் வேண்டாம், புண்ணில் கடும் தொற்று ஏறுவதோடு அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள்.

‘ஒரு ஊசி போட்டுவிடுங்க ஐயா’ என்று டவுன் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குகிற அன்ரிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சீழ் பிடித்தால் மட்டும் அதற்கு வேலை. வைரஸுக்கென்றே அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. அதைப் புள்ளி கண்ட 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தேவைப்படாது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், நீண்டநாள் தோல் அல்லது சுவாச நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு டாக்டர் யோசிப்பார். மலையில் இழுப்பு இல்லாத வீடு குறைவு. இழுப்புக்காகப் பிள்ளை ஸ்டீரொய்ட் மாத்திரையோ பாணியோ குடித்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இது சாதாரண நோயாக இராது.

காத்திருக்கக் கூடாத நேரம்

காய்ச்சல் நாலு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினால் அது கெட்ட அறிகுறி. ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, சுட்டு, வீங்கி, வலி பரவினால் அதுவும். மூச்சு வேகமாக வாங்குவது, நெஞ்சு உள்ளே குழிவது, எழுப்ப எழுப்ப மயங்கிச் சாய்வது, ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, கொப்புளத்துக்குள் இரத்தம் கட்டுவது, கண்ணுக்குள் புள்ளி, எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இன்னொன்று சற்று விசித்திரமானது. புள்ளியெல்லாம் காய்ந்து வரும்போது பிள்ளை குடித்தவன்போல் தள்ளாடி நடக்கும். சிறுமூளையை நோய் தொட்டதன் அடையாளம் அது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றாலும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1990ஐ அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்து ஒற்றையடிப் பாதைக்கு வராது, றோட்டுக்கு வரும். அதுவரை தூக்கிக்கொண்டு இறங்க ஆள் வேண்டும். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து வந்த குட்டி ரயிலின் கடைசி ஸ்டேஷன் ராகலை. தண்டவாளம் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கந்தப்பளை வளைவுகளைச் சுற்றித்தான் போக வேண்டும். மூச்சு வாங்குகிற பிள்ளையோடு கடைசி பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது.

பிள்ளையை விடப் பெரியவருக்கு

சின்ன வயதில் வராமல் போனவர்களைத்தான் இந்த நோய் பதம் பார்க்கும். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கிலேயே, நோய் வந்த பெரியவர்களில் லட்சத்துக்கு 21 பேர் இறந்தார்கள், பிள்ளைகளை விட இருபது மடங்குக்கு மேல். பெரியவர்களுக்கு நுரையீரலில் இறங்கி நியுமோனியா வைக்கும். ஊசி போடாத குளிர்நாடுகளில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப வலய நாடுகளில் வயது வந்தபின்னும் வராதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

எனவே வேப்பங்கொத்து கட்டிய கையோடு செய்ய வேண்டிய காரியம், லயத்தில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று பார்ப்பது. முன்பு அம்மை வராத கர்ப்பிணிக்கு முதல் 20 வாரத்துக்குள் வந்தால் நூற்றில் ஓரிரு கருவுக்குக் கைகால், கண், மூளைக் குறைபாடு ஏற்படலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குப் புள்ளி கிளம்பினால் பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ‘நம்ம பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, நீ டாக்டர்ட்ட போய்க் காட்டு’ என்று தூரத்தில் நின்று சொன்னால் போதும். அவள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ அன்றே சொல்ல வேண்டும்.

பாட்டிமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மை இறங்கியபின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, வயதாகும்போது விலாவில் பட்டையாக எரிச்சலோடு அக்கியாகக் கிளம்பும். தமிழ்நாட்டு ஊர்களில் குயவரை அழைத்துக் காவியால் அக்கி எழுதுவார்கள். மலையிலும் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். அந்த அக்கியின் நீர் பேரப்பிள்ளையின் மேல் பட்டால் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வரும். ஊரில் யாருக்கும் அம்மை இல்லாதபோது இவனுக்கு மட்டும் எப்படி வந்தது என்ற புதிருக்குப் பல வீடுகளில் விடை பாட்டியின் விலாவிலேயே இருக்கிறது.

ஊசி எங்கே?

1964இல் மிச்சியாக்கி தகஹாஷி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருந்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையாகக் கொப்புளிப்பான் வந்தது. பிள்ளை பட்ட பாட்டைக் கண்டவர் நாடு திரும்பி, நோய் வந்த ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸைப் பழக்கிப் பழக்கி வலுவிழக்கச் செய்து, 1974இல் தடுப்பூசியாக வெளியிட்டார். அந்தச் சிறுவனின் குடும்பப் பெயரான ஓக்கா என்பதே இன்றும் அந்த வைரஸ் இனத்தின் பெயர். அமெரிக்கா 1995இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடத் தொடங்கியது. வெகுகாலம் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த பிரித்தானியாவும் 2026 ஜனவரியிலிருந்து சேர்த்துக்கொண்டது.

இலங்கையின் தேசிய ஊசி அட்டவணையில் இது இல்லை. இந்தியாவின் அரசு அட்டவணையிலும் இல்லை. தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம், இரண்டு தடவை போட வேண்டும். நோயாளியோடு பழகிய மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டால்கூட, இன்னும் வராத பிள்ளையை ஓரளவு காப்பாற்றும். கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. நாட்சம்பளக் குடும்பத்துக்கு இந்த ஊசி எட்டாத விலை. வீட்டில் யாருக்காவது ஒரே ஒருவருக்குத்தான் முடியும் என்றால், அம்மை வராமல் பதினைந்து பதினாறு வயதைத் தொட்டுவிட்ட மகளுக்குப் போடுங்கள் என்பேன்.

அரசாங்கம் ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்விக்குப் பணம் ஒரு விடை, கணக்கு இன்னொரு விடை. கொப்புளிப்பான் இந்த நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. டாக்டர் கண்டால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத வேண்டும், கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு எண்ணிச் சேர்க்கும். ஆஸ்பத்திரிக்கே காட்டாமல் வேப்பிலையோடு தொடங்கி அம்மனுக்கு ஊற்றும் கூழோடு முடிகிற அம்மை இந்த எண்ணிக்கையில் ஏறுவதில்லை. ஒரு தோட்டத்தில் ஒரே மாதத்தில் முப்பது பிள்ளைக்கு வந்து போனாலும் கொழும்புத் தாளில் அது பூச்சியமாகவே இருக்கலாம். ராகலையில் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் குடும்பநல உத்தியோகத்தர் மலையேறி வருவார். கர்ப்பிணியின் அட்டையையும் பிள்ளையின் நிறையையும் பார்க்க அவர் வரும்போது, போன கிழமை எந்தெந்தக் காம்பராவில் முத்து போட்டிருந்தது என்று ஆயம்மாவே சொல்லிவிடலாம். அவருக்கு எல்லாம் தெரியும்.